விளம்பரத்திலிருந்து ஒருவர், சேத்தூரிலிருந்து ஒருவர்

2001 தீபாவளிக்கு 'பார்த்தாலே பரவசம்' வெளிவந்தது. கே. பாலசந்தரின் நூறாவது படம் என்று ஊரெங்கும் சுவரொட்டி. இசை ஏ.ஆர். ரஹ்மான், நடிப்பு மாதவன், சிம்ரன், சினேகா, ராகவா லாரன்ஸ். எதிர்பார்த்த அளவுக்குப் படம் ஓடவில்லை. பாலசந்தரின் நல்ல படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இன்று அதைச் சேர்ப்பதும் இல்லை. ஆனால் சின்னத்திரை தமிழ் சினிமாவுக்கு என்ன கொடுத்தது என்று ஆராய்கிறவருக்கு இந்தப் படத்தின் ஆள்கணக்கு ஒதுக்க முடியாதது.

காமிராவுக்கு முன்னால் நின்ற நாயகன், விளம்பர மாடலாகத் தொடங்கி, இந்தித் தொலைக்காட்சித் தொடர்களில் சில ஆண்டுகள் நடித்து, அங்கிருந்து பெரிய திரைக்கு வந்தவர். காமிராவுக்குப் பின்னால் பாலசந்தரின் உதவியாளர்களில் ஒருவராக நின்றவர், ராஜபாளையத்தை அடுத்த சேத்தூரிலிருந்து வந்து, தொலைக்காட்சித் தொடர்களின் தளத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்தவர். முன்னவரான மாதவன் பிறந்தது 1970 ஜூன் 1. பின்னவரான சமுத்திரக்கனி பிறந்தது 1973 ஏப்ரல் 26. வயதில் மூன்று ஆண்டுகூட வித்தியாசம் இல்லை. படக்குழுவின் அடுக்கில் மட்டும் ஒருவர் உச்சியில், மற்றவர் அடியில்.

இருவரையும் வளர்த்தது தொலைக்காட்சிதான். ஆனால் அது இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பிக்கவில்லை.

மாடலாக இருந்து சின்னத்திரை நடிகர் ஆவது என்பது தமிழ்நாட்டில் சற்றுப் பிந்தி வந்த வழக்கம். விளம்பரத் தொழிலின் தலைமையிடம் பம்பாய். சோப்பும் பவுடரும் பற்பசையும் அங்கே படமாகும்; இங்கே குரல் மட்டும் தமிழாகும். தமிழ்நாட்டுக் கடைகள் தாமே எடுத்த விளம்பரங்களிலோ பல நேரம் முதலாளியே மாடல். வசந்த் அண்ட் கோ விளம்பரங்களில் எச். வசந்தகுமாரின் சிரித்த முகத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. அவர் மகன் விஜய் வசந்த் பின்னாளில் சமுத்திரக்கனியின் 'நாடோடிகள்' படத்தில் மூன்று நண்பர்களில் ஒருவராக நடித்தார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் தமன்னா, ஹன்சிகாவோடு விளம்பரத்தில் ஆடி, 2022இல் 'தி லெஜண்ட்' என்று படமே எடுத்துவிட்டார். கல்லூரி நாட்களில் கைச்செலவுக்காக மாடலிங் செய்த அரவிந்த் சாமி போன்றவர்கள் விதிவிலக்கு. மணிரத்னம் அவரை ஒரு விளம்பரத்தில் பார்த்துத்தான் 'தளபதி'க்கு அழைத்தார். அவர் நேராகப் பெரிய திரைக்குப் போய்விட்டார். நடுவில் தொடர் என்ற படி அவருக்கு இல்லை.

அந்தப் படியில் ஏறி வந்த தமிழர் மாதவன். ஆனால் ஏறியது தமிழ்ப் படியில் அல்ல, இந்திப் படியில்.

ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிர்வாகியின் மகன். தாய் வங்கி அதிகாரி. ரோட்டரி பரிமாற்ற மாணவராகக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஸ்டெட்லர் என்ற சிற்றூரில் ஓராண்டு. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரி, எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு. அங்கே என்.சி.சி.யில் பெயர் எடுத்து இங்கிலாந்து வரை பயிற்சிக்குப் போனார். ராணுவத்தில் சேர ஆசை. வயது வரம்பு ஆறு மாதத்தில் கைநழுவியது. பிழைப்புக்கு மேடைப் பேச்சும் ஆளுமைப் பயிற்சியும் கற்பிக்கும் வகுப்புகள் நடத்தினார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசவும், பேசிக்கொண்டே நம்ப வைக்கவும் அந்த வகுப்பறையில் பழகினார் என்றால் அது ஊகமல்ல. 'அலைபாயுதே'யில் மின்சார ரயிலில் ஏறிப் பேசும் கார்த்திக்கைப் பார்த்தாலே தெரியும்.

1990களின் நடுவில் பம்பாயில் போட்டோ ஆல்பம் தயாரித்துக்கொண்டு மாடலிங் வாய்ப்புத் தேடினார். 1996 தொடக்கத்தில் சந்தோஷ் சிவன் எடுத்த ஒரு சந்தன பவுடர் விளம்பரத்தில் நடித்தார். சந்தோஷ் சிவன் அவரை மணிரத்னத்திடம் அனுப்பி வைத்தார். 'இருவர்' படத்தின் தமிழ்ச்செல்வன் வேடத்துக்குத் தேர்வு. கண்கள் மிக இளமையாக இருப்பதாகச் சொல்லி மணிரத்னம் வேண்டாம் என்றார். அந்த வேடம் பிரகாஷ்ராஜுக்குப் போனது. தேசிய விருதும் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, பிரகாஷ்ராஜும் கன்னடத் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துவிட்டு வந்தவர் என்பது. அவரைத் தமிழுக்கு 'டூயட்'டில் கொண்டுவந்தவர் பாலசந்தர். ஒரு தொலைக்காட்சி நடிகருக்குக் கிடைக்காத வேடம் இன்னொரு தொலைக்காட்சி நடிகருக்குப் போயிற்று. இருவரின் வாழ்க்கைக் குறிப்பிலும் இது இப்படிச் சொல்லப்படுவதே இல்லை.

மாதவன் நடித்த தொடர்கள் எப்படிப்பட்டவை என்று பார்ப்பது அவசியம். ஜீ டிவியின் 'பனேகி அப்னி பாத்' கல்லூரி இளைஞர்களின் கதை. இர்ஃபான் கானும் நடித்த தொடர். 'கர் ஜமாய்' நகைச்சுவை. மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை சுப்ரமணியமாக மாதவன், மாமனாராக சதீஷ் ஷா. தூர்தர்ஷனின் 'சீ ஹாக்ஸ்' கடலோரக் காவல் படை பற்றியது. அதில் ஓம் புரி இருந்தார், அந்நாளின் புகழ்பெற்ற மாடல் மிலிந்த் சோமனும் இருந்தார். சோனியில் 'சாயா'. எல்லாம் வாரத் தொடர்கள். வாரத்துக்கு ஒரு பகுதி என்பதால் எழுதுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் மூச்சு விட நேரம் இருந்தது. நாடக மேடையிலிருந்து வந்தவர்களும் விளம்பரத்திலிருந்து வந்தவர்களும் ஒரே தளத்தில் நின்றார்கள். மாடலாக வந்தவர் அங்கே நடிப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது.

அவர் அதிலிருந்து விலகிய நேரமும் பார்த்து வைத்தது போல அமைந்தது. சன் டிவியில் 'சித்தி' 1999 டிசம்பரில் தொடங்கியது. இந்தியில் ஏக்தா கபூரின் மாமியார்-மருமகள் தொடர்கள் 2000 ஜூலையிலிருந்து வந்து குவிந்தன. நாள்தோறும் ஒரு பகுதி என்ற மெகா தொடர் யுகம் அது. 'அலைபாயுதே' வெளிவந்தது 2000 ஏப்ரல் 14. வாரத் தொடர் செத்து தினத் தொடர் பிறந்த அந்த ஆண்டில் மாதவன் சின்னத்திரையை விட்டுப் பெரிய திரையில் நின்றார். இன்னும் இரண்டு ஆண்டு தங்கியிருந்தால் ஏதோ ஒரு கூட்டுக் குடும்பத்தின் மூத்த மகனாக ஆயிரம் பகுதிகளில் கோட்டு போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றிருப்பார் என்று சொன்னால் அது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. அப்படி நின்று காணாமல் போன அழகர்கள் பலர்.

இனி தெற்கே வருவோம்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்கே மலை கூடவே வர, முதலில் வரும் பெரிய ஊர்களில் ஒன்று சேத்தூர். பழைய ஜமீன் ஊர். சுற்றிலும் நெல்லும் தென்னையும் மாந்தோப்பும். பக்கத்துத் தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின். பெண்களுக்கான நைட்டி அங்கிருந்துதான் பல ஊர்களுக்குப் போகிறது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலைக் கோபுரம், பால்கோவா, மாவட்ட நீதிமன்றம். மில்லுக்கும் கோர்ட்டுக்கும் கோயிலுக்கும் போகத் தெரிந்த ஊர்கள் இவை. 'போர்ட்ஃபோலியோ' போட்டோ எடுத்துக்கொண்டு மாடலிங் ஏஜென்சிக்குப் போகும் வழி அன்று இங்கே எவருக்கும் தெரியாது. சினிமா வியாபாரத்தில் இந்தப் பகுதிக்கு இருக்கும் பெயரும் பார்வையாளரைக் குறிப்பதே: 'எம்.ஆர். ஏரியா', அதாவது மதுரை-ராமநாதபுரம். படம் வாங்கிப் பார்க்கும் ஏரியா. படத்தில் முகம் காட்டும் ஏரியாவாக அது பிறகுதான் ஆயிற்று.

சமுத்திரக்கனி சேத்தூரில் பள்ளிப் படிப்பு முடித்து, ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரியில் கணிதம் படித்தவர். சென்னைக்கு வந்தது நடிகனாகும் ஆசையில்தான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1990களின் சென்னையில் கறுத்த, கட்டையான, மீசை வைத்த ஒரு தென்மாவட்டத்து இளைஞன் நடிக்க வாய்ப்புக் கேட்டால் கிடைக்கும் பதிலை யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. 1997இல் சுந்தர் கே. விஜயனிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். பிறகு பாலசந்தரிடம். முகத்துக்குத் திறக்காத கதவு உழைப்புக்குத் திறந்தது. அது தொலைக்காட்சியின் கதவாக இருந்தது.

பாலசந்தர் அப்போது சின்னத்திரையைக் கீழான இடமாகப் பார்த்தவர் அல்ல. தூர்தர்ஷன் காலத்திலேயே 'ரயில் சிநேகம்' எடுத்தவர். அவர் நிறுவனங்களிலிருந்து 'மர்மதேசம்', 'ரமணி வெர்சஸ் ரமணி' என்று இன்றும் பேசப்படும் தொடர்கள் வந்தன. தமிழ்த் தொலைக்காட்சிக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்றால் அது அங்கேதான். சமுத்திரக்கனி வேலை பார்த்த 'அண்ணி' அந்தப் பள்ளியின் தொடர். அதைப் பார்த்துத்தான் எஸ்.பி.பி. சரண் அவருக்கு முதல் படத்தைக் கொடுத்தார்: 'உன்னைச் சரணடைந்தேன்', 2003. அடுத்த ஆண்டே விஜயகாந்தை வைத்து 'நெறஞ்ச மனசு'.

இரண்டும் அவரை நிலைநிறுத்தவில்லை.

இந்த இடத்தில்தான் அவர் கதை மற்றவர்களுடையதிலிருந்து பிரிகிறது. இரண்டு படம் எடுத்த இயக்குநர் சீரியலுக்குத் திரும்புவது கோடம்பாக்கத்தில் தோல்வியின் அடையாளம். அவர் திரும்பினார், ராதிகாவின் தொடர்களான 'செல்வி'யும் 'அரசி'யும் அவர் வேலை பார்த்தவை. அதோடு நிற்கவில்லை. இரண்டு படத்தில் 'இயக்கம்' என்று பெயர் போட்டுக்கொண்டவர், அமீரின் 'பருத்திவீரன்' குழுவில் போய் வேலை செய்தார். தன்மானத்தை எங்கே வைக்க வேண்டும், எங்கே கழற்றி வைக்கலாம் என்று தெரிந்தவருக்குத்தான் இது முடியும்.

தினத் தொடரின் தளம் எப்படி இயங்குகிறது என்று தெரியாதவர்களுக்கு இந்தத் துணிவின் வேர் புரியாது. வாடகைக்கு எடுத்த ஒரு பங்களா. கூடத்தில் ஊஞ்சல், மாடிப்படி, பூஜை அறை. அரை மணி நேர 'ஸ்லாட்'டுக்கு விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் காட்சி வேண்டும். அது நாள்தோறும் வேண்டும். இன்றைக்கு எடுப்பது சில நாளில் ஒளிபரப்பாகிவிடும். வசனம் சில நேரம் அன்று காலையில்தான் தாளில் வரும். நடிகர் மனப்பாடம் செய்ய நேரமில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் தாளை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசிப்பார். நடிகர் அதைக் காதில் வாங்கிச் சொல்லுவார். இதற்கு 'ப்ராம்ப்டிங்' என்று பெயர். குரல் பிறகு டப்பிங் கூடத்தில் சேரும். அண்டை மாநிலத்திலிருந்து மாடலாக வந்து தமிழ்த் தொடரில் நாயகியாகும் பெண்களுக்கு இந்த முறை பெரிய வசதி. தமிழ் தெரியாமலே ஆயிரம் பகுதி தமிழ் பேசலாம்.

மற்றொரு விளைவை யாரும் கவனிப்பதில்லை. மாமியார் வசனம், மருமகள் வசனம், வில்லன் வசனம் எல்லாவற்றையும் நாள் முழுக்க உரக்க வாசிக்கிறவர் அந்த உதவி இயக்குநர். எந்த வரியில் மூச்சு விட வேண்டும், எந்த வரியில் குரலைத் தாழ்த்தினால் எதிராளி கலங்குவார் என்று பத்துப் பேரின் நடிப்பை அவர் வாய் பழகிவிடுகிறது. நாயகிக்குக் குரல் கொடுப்பவருக்கும் நாயகிக்கும் சம்பளம் உண்டு, பெயர் உண்டு. நடுவில் நின்று வாசித்தவருக்கு மிஞ்சுவது பழக்கம் ஒன்றே. தொலைக்காட்சித் தளங்களிலிருந்து இயக்குநர்களும் குணச்சித்திர நடிகர்களும் வருவதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் வராமல் போவதுதான் ஆச்சரியம்.

2008 ஜூலையில் 'சுப்ரமணியபுரம்' வந்தது. சசிகுமார் இயக்கிய முதல் படம், 1980களின் மதுரை. அதில் கனகு என்ற வேடம் சமுத்திரக்கனிக்கு. அரசியல் பதவி பறிபோன அண்ணனுக்காக, வேலை வெட்டி இல்லாத இளைஞர்களைக் கொலைக்குத் தூண்டி, காரியம் முடிந்ததும் கைவிடுகிற ஆள். தமிழ் சினிமா அதுவரை வில்லனைப் பெரும்பாலும் சத்தமாகத்தான் கேட்டிருந்தது. கனகு சத்தம் போடவில்லை. வீட்டு மனிதனைப் போல உட்கார்ந்து, மனம் நொந்தவன் போலப் பேசி, கேட்கிறவர்களே "நாங்க பாத்துக்கிறோம்" என்று எழும்பும்படி செய்கிற ஆள். துரோகம் என்பது உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் குரலில் வரும் என்று காட்டிய வில்லன். அடுக்களையில் இருப்பவருக்கும் காதில் விழும்படி உறவுகளின் சூழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் காட்சிப்படுத்தியவருக்கு இது புதிய வித்தையா என்ன? அப்போது அவருக்கு வயது 35. சென்னைக்கு வந்த ஆசை நிறைவேற அத்தனை காலம் பிடித்தது.

அடுத்த ஆண்டு ஜூனில் 'நாடோடிகள்'. இயக்குநராகவும் அவர் நின்றுவிட்டார். படம் தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று நான்கு மொழிகளுக்குப் போனது. தெலுங்கில் அவரே எடுத்தார்.

குரல் பற்றி ஒரு செய்தி. 2011இல் வந்த 'ஆடுகளம்' பாதிக்குப் பாதி இரவல் குரல்களால் நிறைந்த படம். டெல்லியிலிருந்து மாடலிங் வழியே வந்த டாப்ஸிக்கு ஆண்ட்ரியா குரல் கொடுத்தார். பேட்டைக்காரராக நடித்த ஈழக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்கு ராதாரவி. கன்னட நடிகர் கிஷோருக்கு மதுரைக் குரல் தந்தவர் சமுத்திரக்கனி. சில ஆண்டு கழித்து 'விசாரணை'யில் அதே கிஷோர் ஆடிட்டராக வர, அவரை ஆந்திர நீதிமன்ற வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வரும் இன்ஸ்பெக்டர் முத்துவேலாக சமுத்திரக்கனி. 2018இன் 'வட சென்னை'யில் கிஷோர் செந்தில், சமுத்திரக்கனி குணா. ஒருவர் ரத்தத்துக்கு ஒருவர் அலைகிற எதிரிகள். முன்பு குரல் இரவல் கொடுத்த முகத்துக்கு எதிரே தன் முகத்தோடு நிற்க ஒரு நடிகருக்கு வாய்ப்பது அபூர்வம்.

மாதவனுக்கு இந்தக் குரல் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த வீட்டுத் தமிழ் அவருடையது. இருந்தும் முதல் தமிழ்ப் படத்திலிருந்தே தன் குரலில்தான் பேசினார். 'அலைபாயுதே'க்கும் 'மின்னலே'க்கும் அந்த நகரத்துத் தமிழ் பொருந்தியது, நாயகனே அப்படிப்பட்டவன். சீமானின் 'தம்பி'யில் கிராமத்து ஆவேசத்தை அந்தக் குரலில் கேட்டபோது உறுத்தலாக உணர்ந்தவர்களும் உண்டு. அழகு அவருக்கு வாசலைத் திறந்தது, பிறகு அதுவே சுவராகவும் நின்றது. 'அன்பே சிவம்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' போன்ற படங்கள் இருந்தும், 'சாக்லேட் பாய்' என்ற பட்டம் ஒரு தலைமுறைக்கு அவரை விடவில்லை.

2009இல் வந்த 'யாவரும் நலம்' படத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. விக்ரம் குமார் இயக்கியது. புது ஃபிளாட்டில் குடியேறும் நாயகன், பகல் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் சீரியலில் தன் குடும்பத்துக் கதையே ஓடுவதைக் கண்டு நடுங்குகிறான். சீரியல் நடிகராகத் தொடங்கியவரைச் சீரியலைக் கண்டு மிரள வைத்த படம் அது. இந்தித் தொடர்களில் மாதவனைப் பார்த்திராத தமிழ் ரசிகருக்கு இதிலுள்ள குறும்பு எட்டியிருக்காது. ராஜபாளையத்துக் கேபிள் இணைப்பில் ஜீ டிவி வந்திருந்தாலும், 'கர் ஜமாய்' சுப்ரமணியத்தை எத்தனை வீடு பார்த்திருக்கும்?

2016இன் தொடக்கத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. ஜனவரி 29இல் சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று'. பிப்ரவரி 5இல் வெற்றிமாறனின் 'விசாரணை'. முன்னதில் மாதவன் தன் அழகை வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டார்: உடம்பைப் பெருக்கி, தாடியும் முடியும் வளர்த்து, எரிச்சல் பிடித்த குத்துச்சண்டைப் பயிற்சியாளராக. மாடலாக வந்தவர் மாடலின் முகத்தை முழுக்கக் கழற்றி வைத்த படம் அது.

'விசாரணை', கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலை அடிப்படையாகக் கொண்டது. 2015 வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. அதில் முத்துவேல் நல்லவனும் அல்ல, கெட்டவனும் அல்ல. மேலதிகாரி சொன்னதைச் செய்கிறவன். சொன்னது தப்பு என்று தெரிந்தவன். தெரிந்ததை வெளியே சொல்ல முடியாதவன். முகத்தில் பெரிதாக எதுவும் அசைவதில்லை. தாடை மட்டும் இறுகும், கண் ஒரு கணம் ஆளை விட்டு விலகும். இந்த வேடத்துக்கு 63ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. 'இருவர்' படத்துக்காகப் பிரகாஷ்ராஜ் வாங்கியதும் இதே விருது.

இத்தனை சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சமுத்திரக்கனி நடிக்கும்போது அடக்கம், இயக்கும்போது அடைமழை. 'போராளி', 'நிமிர்ந்து நில்', 'அப்பா' என்று அவர் எழுதி இயக்கிய படங்களில் பாத்திரங்கள் வகுப்பெடுக்கின்றன. இணையத்தில் அவரை அறிவுரைத் திலகமாக்கிப் போடும் மீம்களுக்கு அளவே இல்லை. இது அவர் மனத்தின் குற்றமல்ல, தொடர் கற்றுத் தந்த பழக்கம். சீரியல் பார்க்கிறவர் திரையையே பார்ப்பதில்லை. காய் நறுக்குவார், குழந்தையை அதட்டுவார், குக்கர் விசிலை எண்ணுவார். அதனால் சீரியல் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நினைப்பதைக்கூட உரக்க நினைக்க வேண்டும். தியேட்டரில் இருட்டில் உட்கார்ந்து திரையை மட்டுமே பார்க்கிறவருக்கு அது மிகை. வெற்றிமாறன், சசிகுமார் போன்ற பிற இயக்குநர்கள் கையில் அவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறார். தன் கையில் விட முடிவதில்லை. நூறு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் 'விநோதய சித்தம்' (2021) மட்டும் ஓரளவு தப்பியது. காலமே மனித உருவில் வந்து உட்காரும் கதை என்பதால் பேச்சு அங்கே பொருந்திப் போனது. அதை 2023இல் பவன் கல்யாணை வைத்துத் தெலுங்கில் 'ப்ரோ' என்று எடுத்தார்.

மாதவன் வாரத் தொடர்களில் கற்றது வேறு: கூட நடிப்பவருக்கு இடம் விட்டுக் கொடுப்பது, வசனத்தைச் சொல்லாமல் பேசுவது. '3 இடியட்ஸ்', 'விக்ரம் வேதா' போன்ற இரட்டை, மும்முனைப் படங்களில் அவர் ஜொலிப்பதற்கு அது காரணம். 2022இல் அவரே எழுதி, இயக்கி, நடித்த 'ராக்கெட்ரி: நம்பி விளைவு' 69ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. விருதைத் தாண்டிச் சொன்னால், இயக்குநராக அவரும் பிரசங்கத்திலிருந்து முழுக்கத் தப்பவில்லை.

மாடல்கள் சின்னத்திரைக்கு வரும் வழி இப்போது மாறிவிட்டது. 2017இல் 'பிக் பாஸ்' தமிழில் தொடங்கியபோது முதல் பருவத்தில் வென்ற ஆரவ் மாடலிங்கிலிருந்து வந்தவர். கூட இருந்த ரைசாவும் அப்படியே. மூன்றாம் பருவத்தில் வந்த தர்ஷன் இலங்கைத் தமிழ் மாடல். நடிப்பதற்கு முன்பே நூறு நாள் முகம் காட்டிப் பிரபலமாகிவிடும் ஏற்பாடு இது. சந்தன பவுடர் விளம்பரத்துக்கும் முதல் தமிழ் நாயக வேடத்துக்கும் நடுவில் மாதவனுக்குக் கிடைத்த நான்கு ஆண்டுப் பயிற்சி இவர்களுக்குக் கிடைப்பதில்லை. பிரபலம் முதலில் வந்து, வேலை பிறகு தேடப்படுகிறது. அவர்களில் பலர் இரண்டு படத்தோடு நின்றுபோனதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சேத்தூரின் வழியும் அப்படியே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் ராஜபாளையம் பேருந்து நிலையத்திலும் கைபேசியில் ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளுக்குப் போர்ட்ஃபோலியோ தேவையில்லை, உதவி இயக்குநராகப் பத்து ஆண்டு காத்திருக்கும் பொறுமையும் தேவையில்லை என்று தோன்றுகிறது. தோன்றுவது சரியா என்று பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். ஆனால் ஒன்று இப்போதே உறுதி. கறுத்த தென்மாவட்ட முகம் தெலுங்கில் 'அல வைகுந்தபுரமுலோ'வில் வில்லனாகவும், 'ஆர்ஆர்ஆர்'இல் ராம் சரணின் உறவினராகவும், 'காந்தா'வில் ஒரு நட்சத்திரத்தை உருவாக்கிய இயக்குநராகவும் நடிக்கும் நிலை, 1997இல் சென்னையில் வாய்ப்புக் கேட்டு நின்ற எந்தச் சேத்தூர்ப் பையனும் கனவில் காணாதது.

இந்த வரலாற்றை எழுதுவதில் உள்ள பெரிய தடை ஆவணம் இல்லாமைதான். திரைப்படங்களுக்கு ஆண்டுவாரியாகப் பட்டியல் உண்டு. பிலிம் நியூஸ் ஆனந்தன் போன்ற ஒருவர் ஆயுளைக் கொடுத்துத் தொகுத்தார். தொலைக்காட்சித் தொடர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. எந்தத் தொடரின் எந்தப் பகுதிகளை யார் இயக்கினார், யார் உதவியாளர், யார் எந்த நாயகிக்குக் குரல் கொடுத்தார் என்பதற்கு ஒழுங்கான பதிவேடு கிடையாது. பழைய தொடர்களில் சிலவற்றைப் பாலசந்தரின் கவிதாலயா போன்ற நிறுவனங்கள் யூடியூபில் ஏற்றியிருக்கின்றன. டைட்டில் கார்டை நிறுத்தி நிறுத்திப் படித்தால் சில பெயர்கள் அகப்படும். மற்றவை சேனல்களின் அலமாரியில் டேப்புகளாகக் கிடக்கின்றன. சேனல்களும் தயாரிப்பு நிறுவனங்களும் தங்கள் தொடர்களின் முழுப் பெயர்ப் பட்டியலையாவது வெளியிட வேண்டும். அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடு, பெரும்பாலும் வடபழனியைச் சுற்றியே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத ஊடகவியல் படிக்கும் மாணவர்கள் முன்வர வேண்டும். அதை ராஜபாளையத்திலிருந்தே ஒருவர் தொடங்கலாம்.